பரீட்சைக்குத் தோற்றும் மொழி

என் கணவருக்குச் சிங்களத்தில்தான் கை ஓடும். இதை ஒரு தமிழ் டீச்சர் ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! கடைக்குப் போகும்போது சாமான் சொன்னால் சீனி, தேயிலை, பருப்பு எல்லாவற்றையும் சிங்களத்தில்தான் குறித்துக்கொண்டு போவார். பதினெட்டு வருஷப் பொலிஸ் வேலை அப்படி ஆக்கிவிட்டது. மாத்தளை டவுனிலிருந்து வில்கமுவப் பக்கம் வரை அவர் இருந்த ஸ்டேஷன்களில் தமிழ் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். தமிழில் அழுதுகொண்டு வருகிறவர்கள் எல்லாரையும் அவர் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள். இவர் சிங்களத்தில் எழுதுவார். பிறகு அதைத் தமிழில் சொல்லிக்காட்டிக் கையெழுத்து வாங்குவார். காது தமிழ், கை சிங்களம். இப்படியே பதினெட்டு வருஷம்.

நான் டவுனில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் வீட்டில் உண்மையான பொலிஸ் நான்தான் என்று என் நாத்தனார் சொல்வாள். பொய்யில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. இப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து எந்தக் கள்ளன் பயப்படுவான் என்று கல்யாணமான புதிதில் நானே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பதினெட்டு வருஷமும் அவர் கான்ஸ்டபிளாகவே இருந்தார். சார்ஜன்ட் ஆவதற்கு இரண்டு வழி. ஒன்று, வரிசையில் நிற்பது. நின்றுகொண்டே இருந்தால் பென்சன் போகும் காலத்தில் கிடைத்தாலும் கிடைக்கும். மற்றது பரீட்சை. அந்தப் பரீட்சை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் அறிவிப்பார்கள். இவர் லீவில் வரும்போதெல்லாம் பையில் நோட்ஸோடு வருவார். பிறகு தள்ளிப் போடுவார்கள். முந்தின பரீட்சையில் புள்ளி போட்டது பிழை என்று யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள், அது முடியும்வரை இல்லை என்பார்கள். முடிந்ததும் புதுச் சுற்றறிக்கை வரும். பாடம் மாறிவிட்டது, பழைய நோட்ஸெல்லாம் வீண். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான். படிக்க லீவு எடுத்தால் அன்றைக்கென்று சீகிரியாவுக்கு யாராவது பெரிய மனுஷர் வருவார், இல்லாவிட்டால் பெரஹெரா ஊர்வலம் இருக்கும், தேர்தல் இருக்கும். பஸ்ஸில் பாதி தூரம் வந்தவரை போன் பண்ணித் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படியே நாள் போய், வயது எல்லை வந்து நின்றது. அந்த முறை விட்டால் பரீட்சை வழி அவருக்கு அடைபட்டுவிடும்.

அவருக்குச் சட்டைக் கையில் ஏறும் சார்ஜன்ட் பட்டி மீது பெரிய ஆசை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அவருடைய ஆசை வேறு. சார்ஜன்ட் ஆனால் இடமாற்றம் வரும். டவுனுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கலாம். எங்கள் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அப்பாவை விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறாள். பத்து நாளுக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். அவள் ஓ.எல். பரீட்சை எழுதுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

விண்ணப்பப் படிவத்தை லீவில் வந்தபோது கொண்டுவந்தார். என் கையெழுத்து அழகு என்று வீட்டுப் படிவமெல்லாம் நான்தான் நிரப்புவேன். மேசையில் விரித்து வைத்துப் பெயர், இலக்கம், சேவைக்காலம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பரீட்சைக்குத் தோற்றும் மொழி என்று ஒரு வரி. பக்கத்தில் பெட்டிகள். சிங்களம் என்ற பெட்டியில் அவர் ஏற்கெனவே பென்சிலால் மெதுவாக ஒரு சரி போட்டிருந்தார்.

"என்னங்க இது?"

"எனக்கு அதுதான் லேசு."

"தமிழ் டீச்சர் புருஷன் சிங்களத்துல பரீட்ச எழுதுறாரா? நான் ஸ்டாஃப் ரூம்ல எங்க மூஞ்சிய வச்சிக்கிறது?"

"என் ஃபோரத்த ஸ்டாஃப் ரூம்ல யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தமிழ்ல எழுதுறவங்க கொஞ்சப் பேருதான். திருத்துறவங்க மார்க்க அள்ளிப் போடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எல்லாரும் சொல்லவில்லை. எங்கள் பாடசாலையில் ஒரு டீச்சர் சொன்னாள். அவளுக்கு அவளுடைய மச்சான் சொன்னானாம். அவன் பொலிஸும் இல்லை, பரீட்சை எழுதினவனும் இல்லை. ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அழிறப்பரை எடுத்து அவர் போட்ட சரியை அழித்தேன். தமிழ் என்ற பெட்டியில் பேனையால் அழுத்திப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி புள்ள, நீ சொன்னா சரி" என்றார். ஒரு சண்டை பிடித்திருக்கலாம். பாவி மனுஷன், அதுவும் செய்யவில்லை.

அவரிடம் இருந்த நோட்ஸ் முழுக்கச் சிங்களம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போட்டோ கொப்பி அடித்து அடித்து எழுத்து மங்கிப்போன கட்டு. அதை நான் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். சும்மா சொல்லவில்லை, நாலு மாதம் எழுதினேன். பாடசாலை விட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு, மகளின் வீட்டுப் பாடத்தோடு சேர்ந்து என்னுடைய வீட்டுப் பாடம். தண்டனைச் சட்டம், சாட்சிச் சட்டம், ஒருவரைக் கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும், வாக்குமூலம் எப்படிப் பதிய வேண்டும். தெரியாத சொல் வந்தால் டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்யும் அக்காவிடம் போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். ஆறு கொப்பி ஆனது. தலைப்புக்குச் சிவப்பு, உபதலைப்புக்குப் பச்சை. அவ்வளவு அழகான நோட்ஸை என் மாணவர்களுக்குக்கூட நான் கொடுத்ததில்லை.

லீவில் வரும் இரண்டு நாளும் அவருக்குச் சொல்வதெழுதுதல் வைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மைதான். நாற்பதைத் தாண்டிய பொலிஸ்காரர் சாரத்தோடு மேசையில் உட்கார்ந்து எழுதுவார், நான் நின்றுகொண்டு சொல்வேன். சின்ன ர, பெரிய ற என்று குழம்புவார். கொம்பை மறந்து போவார். நான் சிவப்புப் பேனையால் சுழிப்பேன். ஒரு நாள் வாக்குமூலம் என்ற சொல்லையே பிழையாக எழுதினார். எனக்கு வந்ததே கோபம்.

"எத்தன பேரோட வாக்குமூலம் எழுதியிருப்பீங்க! அந்தச் சொல்ல எழுதத் தெரியலையா? என் மூணாம் வகுப்புப் புள்ளைங்க ஒழுங்கா எழுதுதுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தச் சொல்ல நான் எழுதினதே இல்ல புள்ள. சிங்களத்துலதானே எழுதுவேன்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படித்தவள்தானே நான்? உறைக்கவில்லை. இருபது தரம் எழுதுங்க என்று சொன்னேன். எழுதினார். உள்ளே இருந்து மகள் வந்து, "அம்மா, அப்பா பாவம்மா" என்றாள். அவளுக்கும் ஏச்சுத்தான் விழுந்தது.

பரீட்சை கண்டியில் ஒரு பாடசாலையில் நடந்தது. விடிய எழும்பிப் பாற்சோறு பொங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். போகும்போது மகளின் கன்னத்தைத் தட்டி, "அப்பா பாஸ் பண்ணிட்டு வாறேன்" என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்று நான் பாடசாலையில் என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் தெரியாது.

பின்னேரம் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சோறு கேட்டார். போட்டேன். போட்ட கையோடு கேட்டேன்.

"எப்படி?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா?"

"கடைசி ரெண்டு கேள்வியத் தொடல."

"ஏன், தெரியாததா?"

"எல்லாம் தெரிஞ்சதுதான். கேள்வியப் பாத்த ஒடனே பதில் வந்துருச்சு புள்ள. சிங்களத்துல வந்துச்சு. அத நிப்பாட்டி வச்சிட்டு, நீ எழுதித் தந்த சொல்ல ஞாபகப்படுத்தி, எழுத்துப் பிழை இல்லாம எழுதணுமே. ஒவ்வொன்னுக்கும் அப்படி நின்னு நின்னு நேரம் போயிருச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எந்தப் பெண்சாதியாக இருந்தாலும் சரி விடுங்க, பார்ப்போம் என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னது இது: "நாலு மாசம் என் உசிரக் குடுத்து எழுதினேன். ஒங்களுக்கெல்லாம் காக்கிச் சட்ட போட்டு றோட்டுல கை காட்டத்தான் லாயக்கு. படிப்பு வராது."

மகள் அங்கேதான் இருந்தாள். அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார், வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சொல்லை நான் இன்னும் திருப்பி வாங்கவில்லை. வாங்கவும் முடியாது. வாயிலிருந்து போனது போனதுதான்.

பெறுபேறு வந்தது போனில். யாரோ பட்டியலை அனுப்பியிருந்தார்கள். அவர் இலக்கத்தை நான் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று தேடினேன். இல்லை. அவரோடு ஒன்றாகப் பொலிஸில் சேர்ந்து, அப்போது அதே ஸ்டேஷனில் ஒரே அறையில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் பாஸ். பல்லேபொல ஊர்க்காரர். இவருக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறைவு என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு கேள்வியில் ஒன்றைத் தொட்டிருந்தால் போதும். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும், எட்டினதைத் தட்டிவிட்டதே நான்தான் என்று?

என் பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால், பரவாயில்ல புள்ள என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே எரிந்து விழுந்துகொண்டே திரிந்தேன். சம்பலில் உப்புக் கூட என்றால் கோபம், குறைய என்றால் கோபம். ஸ்டாஃப் ரூமில் அந்த மச்சான் கதை சொன்ன டீச்சரோடு பேசுவதை நிறுத்தினேன். அவளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது, பாவம்.

ஒன்றிரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நண்பர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். பை நிறைய மிளகு, ஒரு பலாக்காய், வீட்டில் சுட்ட பலகாரம். இவரும் லீவில் இருந்தார். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சானுக்குச் சோடா வாங்கிவருகிறேன் என்று இவர் கடைக்கு இறங்கிப் போனார். நண்பர் என்னோடு சிங்களத்தில்தான் பேசினார், எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அவர் பேசினதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நங்கி" என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நான் உங்களைக் கும்பிடத்தான் வந்தேன். உங்க கொப்பியாலதான் நான் பாஸ் பண்ணினேன்."

எனக்கு விளங்கவில்லை. "என் கொப்பி தமிழாச்சே?"

"ஆமா. மத்தியானம் சாப்பிட்ட பிறகு மச்சான் அந்தக் கொப்பிய விரிச்சு வச்சிக்கிட்டு ஒவ்வொன்னாச் சிங்களத்துல சொல்லித் தருவான். எங்க பழைய நோட்ஸ்ல எது எங்க இருக்குன்னே தெரியாது. நீங்க எல்லாத்தயும் ஒழுங்குபடுத்தி வச்சிருந்தீங்க. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன். பரீட்ச ஹோல்ல அவன் குரல்தான் எனக்குக் கேட்டுச்சு. அதையே எழுதினேன்."

நாலு மாதம் நான் எழுதினது வீணாகவில்லையாம். பாஸ் பண்ணியிருக்கிறதாம். இன்னொருவர் சட்டைக் கையில் மூன்று பட்டியாக ஏறியிருக்கிறதாம். அந்த மனுஷர் நல்லவர், கண் கலங்கிப் போய் நிற்கிறார், அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

"இவருக்குச் சிங்களத்துல அவ்வளவு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"அவனுக்கா? ஸ்டேஷன்லயே அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அதனாலதான் ஃபோரம் திரும்பி வந்தப்போ நான் சண்ட பிடிச்சேன்."

"எந்த ஃபோரம்?"

"உங்களுக்குச் சொல்லலையா? முதல் ஃபோரத்துல ஒரு எடத்துல அழிச்ச தடம் இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல எழுத்து வேல பாக்குறவர் ஏத்துக்கல. புதுசா ஒன்னு குடுத்து நிரப்பச் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்து சொன்னேன், மச்சான், இப்பவாவது சிங்களத்துல போடு, ஒன் கைக்கு அதுதான் வரும், நங்கிக்கு எப்படித் தெரியப் போகுதுன்னு. கொஞ்ச நேரம் பேனைய வச்சிக்கிட்டு யோசிச்சான். பிறகு தமிழ்னே போட்டான். அவனே போட்டான்."

இவர் இரண்டு சோடாப் போத்தலோடு படியேறி வந்தார். நண்பர் குடித்தார், பேசினார், மதியச் சாப்பாட்டுக்கு நில்லுங்கள் என்றதற்குப் பல்லேபொலயில் அம்மா காத்திருப்பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று கை காட்டிவிட்டு இவர் உள்ளே வந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ரெண்டாவது ஃபோரம் நீங்களே நிரப்பினீங்களாமே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டானா?"

"ஏங்க? ஏன் மாத்தல? நான்தான் கிறுக்கி, ஒங்களுக்கு எங்க போச்சு புத்தி? தோத்துருவோம்னு தெரியலையா?"

"தெரியும். முழுசா இல்லாட்டியும் பாதி தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "அந்த நேரம் நீ ரெண்டு கொப்பி எழுதி முடிச்சிருந்தே" என்றார். "சிவப்பு, பச்சன்னு கோடெல்லாம் போட்டு. நான் சிங்களத்துல எழுதிப் பாஸ் பண்ணியிருந்தா, ஒன் கொப்பி தேவைப்படலன்னு ஆயிரும். அத நீ தாங்க மாட்டே. பெயிலாகிறது ஒன்னும் பெரிய விஷயமில்ல. அத நான் தாங்குவேன்."

"யாரு சொன்னா நான் தாங்க மாட்டேன்னு?" என்று கத்தினேன். "ஒங்ககிட்ட யாரு சொன்னா? புள்ள ஒங்கள வீட்டுல பாக்கணும்னு கெடந்துச்சே, அத நெனச்சீங்களா? என்ன என்னன்னு நெனச்சீங்க நீங்க? தாங்க மாட்டேனாம்! எல்லாம் தாங்குவேன் நான்..."

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் அழுததே இல்லை. அன்று அழுத அழுகைக்குச் சத்தம்கூட எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. அவர் எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையைத் தொடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை, கையைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"சரி சரி" என்றார். "தாங்குவே, தாங்குவே. எழும்பு புள்ள, மூஞ்சியக் கழுவு. புள்ள வாற நேரம்."